எலும்புப்புரையைக் கண்டுபிடிக்க ஏஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று வலிக்கு எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் "எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கலாம், ஏஐ கண்டறிந்தது" என்று ஒரு வரி இருந்தால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். எலும்புக்கும் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம்? இதை எந்த அளவுக்கு நம்பலாம்? இப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எலும்புப்புரையும் மூட்டுத் தேய்மானமும் ஒன்றுதானே?

இல்லை. பேச்சில் இரண்டையுமே "எலும்பு தேஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மூட்டுத் தேய்மானத்தில் தேய்வது மூட்டிலுள்ள குருத்தெலும்பு. அது வலிக்கும், அதனால் ஆள் தானாகவே டாக்டரைத் தேடிப் போய்விடுவார். எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ், உடையும்வரை வலிக்காது. எலும்புக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பின்னல் மெலிந்து அங்கங்கே அறுந்துபோகும். வெளிச்சுவரும் மெல்லிசாகிவிடும். அப்புறம் ஒருநாள் நின்ற இடத்தில் சறுக்கி விழுந்தாலே மணிக்கட்டோ இடுப்போ முறியும்.

உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இப்படி ஒரு முறிவு ஏற்படும் என்கிறது சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளை. ஆகவே இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஏஐ வருவதற்கு முன்னால் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இப்போதும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்: டெக்ஸா ஸ்கேன். இரண்டு வேறுபட்ட ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை இடுப்பிலும் கீழ்முதுகிலும் செலுத்தி, தசையின் பங்கைக் கழித்துவிட்டு எலும்பில் எவ்வளவு தாது இருக்கிறது என்று அளப்பார்கள். ஓரிரு நாளில் இயற்கையாகவே நம்மேல் படும் கதிர்வீச்சின் அளவுதான் இதிலும் இருக்கும்.

முடிவு டி-ஸ்கோர் என்ற எண்ணாக வரும். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோட்டின்படி -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. -1க்கும் -2.5க்கும் நடுவே இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்தி குறைந்திருக்கிறது, ஆனால் கோட்டைத் தாண்டவில்லை.

அப்படியென்றால் டெக்ஸாவே போதுமே, ஏஐ எதற்கு?

டெக்ஸா நல்ல கருவிதான். ஆனால் அது வேண்டியவர்களில் பெரும்பாலானோர் அந்த மேசையில் ஒருநாளும் படுப்பதில்லை. வலிக்காத நோய்க்கு யார் போய்ப் பரிசோதனை செய்துகொள்வார்கள்? முதல் முறிவுக்குப் பிறகுகூடப் பலருக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஏன் முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

டெக்ஸாவுக்குக் கண்மறைவுகளும் உண்டு. வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் எலும்பு முளைகளும், முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த கால்சியமும் கணக்கில் சேர்ந்து, இல்லாத அடர்த்தியைக் காட்டும். ஏற்கனவே நொறுங்கி அமுங்கிய முள்ளெலும்பும் (முதுகெலும்பு அடுக்கில் உள்ள ஒரு துண்டு) அப்படியே. குறுகிய இடத்தில் அதே தாது திணிக்கப்பட்டிருப்பதால், உடைந்த எலும்பு நல்ல எலும்பைவிட அடர்த்தியாகத் தெரியும்! இன்னொன்று, முறிவு கண்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் டி-ஸ்கோர் -2.5ஐத் தொட்டிருப்பதே இல்லை. மிதமான அபாயம் உள்ளவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், அதனால் மொத்த முறிவுகளில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே வருகிறது.

வேறு காரணத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில் எலும்பு எப்படிப் பிடிபடுகிறது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். சிறுநீரகக் கல்லுக்கோ நுரையீரலுக்கோ சிடி எடுத்தால், முதுகெலும்பும் படத்தில் வந்தே தீரும். அதை யாரும் அளப்பதில்லை. தகவல் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறது.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்பார்கள். தண்ணீர் 0, காற்று -1000, எலும்பு நூற்றுக்கணக்கில் மேலே. கீழ்முதுகின் முதல் முள்ளெலும்புக்கு உள்ளே, பஞ்சு போன்ற பகுதியில் இந்த எண் எவ்வளவு என்று பார்த்தாலே எலும்பின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2013இல் இதைக் காட்டியது. சிடியும் டெக்ஸாவும் எடுத்திருந்த 1867 பேரின் படங்களைப் பார்த்தார்கள். அந்த எண் 160 அல்லது அதற்குக் கீழே என்று கோடு போட்டால் எலும்புப்புரை உள்ளவர்களில் 90% பேர் வலையில் விழுந்தார்கள். கோட்டை 110க்கு இறக்கினால் தப்பாக மாட்டிக்கொள்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அதே ஆய்வில் முள்ளெலும்பு கணிசமாக நொறுங்கியிருந்த 119 பேரில் 62 பேருக்கு டெக்ஸா "எலும்புப்புரை இல்லை" என்று சொல்லியிருந்தது.

அப்போது இதைக் கையால் அளந்தார்கள். ஒரு வட்டம் வரைந்து எண்ணைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு நாளைக்கு நூறு ஸ்கேன் பார்க்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு யாரிடமும் நேரம் இல்லை. ஏஐ உதவுவது இங்கே. எந்த முள்ளெலும்பு எது என்று அடையாளம் கண்டு, அதன் எல்லையை வரைந்து, உள்ளே எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். யாரும் கேட்காமலேயே, பின்னணியில். நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சும் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. நரம்பில் சாய மருந்து ஏற்றி எடுத்த சிடியில் இந்த எண் உயர்ந்து காட்டும். ஸ்கேன் இயந்திரத்தின் மின்னழுத்த அமைப்பு மாறினாலும் எண் மாறும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காத மென்பொருள் மெலிந்த எலும்பை நல்லது என்று சொல்லிவிடக்கூடும்.

சாதாரண எக்ஸ்ரேயிலும் இதைச் செய்ய முடியுமா?

மனிதக் கண்ணுக்கு எக்ஸ்ரேயில் மெலிவு தெரிய வேண்டுமானால் சுமார் 30% எலும்புத் தாது போயிருக்க வேண்டும் என்பது மருத்துவப் பாடங்களில் வழக்கமாகச் சொல்லப்படுவது. அதாவது கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். டீப் லேர்னிங் முறையில் பயிற்சி பெற்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான எக்ஸ்ரேக்களையும் அதே ஆட்களின் டெக்ஸா எண்களையும் பக்கத்தில் வைத்துக் கற்று, நாம் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களைப் பிடிக்கிறது. தைவான் ஆய்வாளர்கள் 2021இல் இடுப்பு, கீழ்முதுகு எக்ஸ்ரேக்களிலிருந்து எலும்பு அடர்த்தியை மட்டுமின்றி முறிவு அபாயத்தையும் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். மார்பு எக்ஸ்ரேயை வைத்தும் பல குழுக்கள் முயன்றுவருகின்றன.

எக்ஸ்ரே எல்லா இடத்திலும் இருக்கிறது, டெக்ஸா இல்லை. அதனால் டெக்ஸாவே எட்டாத இடங்களுக்குத்தான் இந்த வழி அதிகம் உதவும்.

பல் டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரேயிலுமா?

ஆமாம். கீழ்த்தாடையின் அடிவிளிம்பு மெலிந்து அரித்ததுபோல் தெரிவதற்கும் எலும்புப்புரைக்கும் தொடர்பு உண்டு என்பது 1990களிலேயே தெரியும். முழுத்தாடை எக்ஸ்ரேயில் அந்த விளிம்பைப் படிக்க மென்பொருளைப் பழக்குகிறார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் டெக்ஸாவுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் இதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

முதுகெலும்பு உடைந்தது ஆளுக்கே தெரியாமல் இருக்குமா?

இருக்கும். முள்ளெலும்பு முறிவுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அது நடந்த நேரத்தில் மருத்துவர் கவனத்துக்கு வருவதே இல்லை. "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று இரண்டு நாள் படுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்புறம் உயரம் குறையும், மெல்லக் கூன் விழும், எல்லாம் வயதின் கோளாறு என்று விட்டுவிடுவோம். ஆனால் ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருப்பது அடுத்த முறிவு வரப்போகிறது என்பதற்கு மிக வலுவான அறிகுறி. முறிவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

அமுக்கத்தை அளக்க ஜெனன்ட் முறை 1993லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25% குறைந்தால் லேசானது, 40% வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ஏஐ ஒவ்வொரு முள்ளெலும்பின் உயரத்தையும் அளந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடும். இந்த வேலைக்கான மென்பொருள் ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதி கொடுத்தது. நடுத்தர, கடுமையான முறிவுகளில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. லேசானவற்றில் திணறும். அதற்காக ஏஐயை மட்டும் திட்ட முடியாது, லேசான அமுக்கம் முறிவா பிறவி அமைப்பா என்பதில் அனுபவசாலி டாக்டர்களே ஒத்துப்போக மாட்டார்கள்.

ஃப்ராக்ஸ் என்பதும் ஏஐதானா?

இல்லை, அது புள்ளியியல் கணிப்பான். பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்டது. 40 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டில் இடுப்பு முறியவோ, பெரிய முறிவு ஏதாவது ஏற்படவோ எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, அம்மா அல்லது அப்பாவுக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம் இவற்றைக் கேட்கும். டெக்ஸா எண் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டாலும் பதில் தரும்.

அதன் மூல வடிவத்தில் சில ஓட்டைகள் உண்டு. அடிக்கடி விழுகிறீர்களா என்று கேட்காது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் ஆபத்தைக் குறைத்துச் சொல்லும். அவர்களுக்கு அடர்த்தி நன்றாக இருந்தாலும் எலும்பின் தரம் கெட்டிருக்கும்.

ஏஐ ஃப்ராக்ஸைவிட நன்றாகக் கணிக்குமா?

சில ஆய்வுகளில் கொஞ்சம் நன்றாக, சிலவற்றில் அதே அளவு. இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. எலும்புப் படத்தைப் பார்த்தே ஒருவரின் வயதையும் பாலினத்தையும் ஏஐ ஊகித்துவிடும். முறிவைக் கணிக்க வயதைப்போல வலுவான காரணி வேறு அதிகம் இல்லை. அப்படியானால் அது எலும்பைப் படிக்கிறதா, "இவர் வயதானவர்" என்பதை மட்டும் சுற்றிவளைத்துச் சொல்கிறதா?

2001இல் ஆசியப் பெண்களுக்காக ஓர் எளிய சூத்திரம் வந்தது. எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற 70 வயதுப் பெண், எடை 52 கிலோ என்றால் -3.6. -1க்கும் -4க்கும் நடுவே வந்தால் நடுத்தர அபாயம், -4க்கும் கீழே போனால் அதிக அபாயம். துண்டுக் காகிதத்தில் போடும் இந்தக் கணக்கே எலும்புப்புரை உள்ளவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தக் கழித்தல் கணக்கை எவ்வளவு தூரம் மிஞ்சியது என்று சொல்லாத ஏஐ ஆய்வை இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை.

கணிப்பது வேறு, முறிவைக் குறைப்பது வேறு. ஃப்ராக்ஸை வைத்து 70 முதல் 85 வயது வரையிலான 12,483 பெண்களிடம் பிரிட்டனில் ஸ்கூப் என்ற பரிசோதனை நடந்தது. அபாயம் கணக்கிட்டு, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த குழுவில் ஐந்தாண்டில் இடுப்பு முறிவு 28% குறைந்தது. மொத்த முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஏஐ கருவிகளும் இப்படி ஒரு தேர்வை எழுதிப் பாஸ் ஆக வேண்டும்.

"90% துல்லியம்" என்று விளம்பரம் செய்கிறார்களே?

எதில் 90% என்று கேளுங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1000 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி, நோய் உள்ளவர்களில் 80% பேரைச் சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80% பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாட்டுபவர்கள் 80 பேர் நோயாளிகள், 180 பேர் நோய் இல்லாதவர்கள். "உனக்கு இருக்கலாம்" என்று சொல்லப்பட்ட 260 பேரில் மூன்றில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை. 20 பேர் கைநழுவியும் போய்விட்டார்கள்.

இதனால் கருவி வீண் என்றாகிவிடாது. 1000 பேருக்கும் டெக்ஸா எடுப்பதற்குப் பதில் 260 பேருக்கு எடுத்து 80 பேரைக் கண்டுபிடிப்பது நல்ல வியாபாரம். சல்லடையைத் தராசு என்று நினைக்காதவரை பிரச்சினை இல்லை.

ஏஐ ஏமாந்துபோகுமா?

போகும், நன்றாகவே போகும். நியூயார்க்கில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். இடுப்பு எக்ஸ்ரேயில் முறிவு இருக்கிறதா என்று சொல்ல ஒரு மாடலைப் பழக்கினார்கள். நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு 0.5, முழுமையான திறமைக்கு 1 என்ற அளவுகோலில் அது 0.78 எடுத்தது. அப்புறம் நோயாளியின் வயது போன்ற விவரங்களும், எந்த இயந்திரத்தில் எடுத்த படம், அவசரமாகக் கேட்டதா என்பது போன்ற மருத்துவமனை விவரங்களும் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி படங்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். மதிப்பெண் 0.52க்கு விழுந்துவிட்டது. அதாவது மாடல் எலும்பைவிட, படம் எங்கே எப்படி எடுக்கப்பட்டது என்பதையே அதிகம் படித்திருந்தது. அவசரப் பிரிவின் இயந்திரத்தில் எடுத்த படம் என்றால் முறிவு இருக்கத்தானே வாய்ப்பு அதிகம்!

ஆகவே ஒரு கருவி தன் சொந்த மருத்துவமனையில் எடுத்த மதிப்பெண்ணை அப்படியே ஏற்காமல், வேறு இடத்தில், வேறு இயந்திரத்தில், வேறு மக்களிடம் என்ன எடுத்தது என்று பார்க்க வேண்டும். உடல் அளவும் எலும்பு அமைப்பும் முறிவு விகிதமும் மக்களுக்கு மக்கள் மாறும். ஃப்ராக்ஸே நாட்டுக்கு நாடு தனித்தனிப் பதிப்பாக இருப்பது அதனால்தான்.

ஏஐ "அபாயம்" என்று சொன்னால் உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா?

வேண்டாம். வழக்கமாக டெக்ஸாவில் உறுதிசெய்வார்கள். ஏற்கனவே முள்ளெலும்போ இடுப்போ லேசான அடியிலேயே முறிந்திருந்தால் டி-ஸ்கோர் எதுவானாலும் சிகிச்சை பற்றிப் பேசலாம். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம் பார்க்க வேண்டும். எலும்பு மெலிவின் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம், அதை எந்த எக்ஸ்ரே மென்பொருளும் சொல்லாது. மருந்துகளும் ஒரே மாதிரி இல்லை. வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று பல உண்டு. அந்த ஆறு மாத ஊசியான டெனோசுமாபைப் பாதியில் சும்மா நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. தொடங்கும் முன்பே இதையெல்லாம் பேசிவிட வேண்டும்.

"அபாயம் இல்லை" என்று சொன்னால் நிம்மதியாக இருக்கலாமா?

சமீபத்தில் லேசான அடியில் எலும்பு முறிந்திருந்தாலோ, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டாலோ, இளவயது உயரத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தாலோ, ஏஐ என்ன சொன்னாலும் டாக்டரைப் பாருங்கள்.

யார் கீழே விழுவார்கள் என்று ஏஐ சொல்லுமா?

நடையை உணரும் கருவிகளை வைத்து முயற்சிகள் நடக்கின்றன. இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுந்துதான் ஏற்படுகின்றன. ஆனால் இதற்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் அதிகம். பார்வை, தூக்க மாத்திரை, இருட்டான படிக்கட்டு எல்லாம் இதில் சேரும். எலும்பைப் படம்பிடித்துப் பார்க்கும் மென்பொருளுக்கு உங்கள் வீட்டுக் குளியலறைத் தரை வழுக்குவது தெரியாது.

டெக்ஸா ரிப்போர்ட்டைச் சாட்பாட்டிடம் கொடுத்து விளக்கம் கேட்கலாமா?

சொற்களின் பொருள் கேட்கலாம், தப்பில்லை. பெயர், மருத்துவமனை எண் போன்றவற்றை நீக்கிவிட்டுக் கேளுங்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர் இரண்டும் இருக்கும். இசட்-ஸ்கோர் உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழுள்ள ஆண்களுக்கும் அதைத்தான் பார்க்க வேண்டும், 30 வயதுக்காரரின் டி-ஸ்கோரை வைத்து எலும்புப்புரை என்று சாட்பாட் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். இரண்டாவது, வேறு வேறு இயந்திரங்களில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை.

சரி, ரிப்போர்ட்டில் ஏஐ வரி ஒன்று வந்துவிட்டது. டாக்டரிடம் என்ன கேட்பது?

இந்த முடிவைக் கதிரியக்க மருத்துவர் தன் கண்ணால் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். சொல்லப்பட்டது அடர்த்திக் குறைவா, ஏற்கனவே முறிந்த முள்ளெலும்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவதென்றால் அவசரம் கூடுதல். பழைய ஸ்கேன் இருந்தால் அதிலும் அது இருந்ததா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். டெக்ஸா எப்போது, அதை எழுதிக் கொடுப்பது யார் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வயிற்று வலிக்கு ஸ்கேன் கேட்ட டாக்டர் எலும்பு தன் வேலை இல்லை என்று நினைப்பார், குடும்ப டாக்டர் கைக்கு அந்த ரிப்போர்ட்டே போயிருக்காது. கண்டுபிடித்த பிறகும் நழுவிப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அதனால் ரிப்போர்ட்டின் ஒரு நகலை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.